புதன்கிழமைப் புள்ளி

அந்தப் புள்ளி திரையில் விழுந்ததும் எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மற்ற புள்ளிகள் எல்லாம் படத்தின் இடது மூலையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. இது மட்டும் வலது கோடியில், உச்சியில், யாரோடும் சேராமல் நின்றது. படுக்கைக்கோடு, ஓர் ஆள் வீட்டுக்குக் கிளம்பியாக வேண்டிய அவசரத்தைச் சொன்னது. நிமிர்ந்த கோடு, அந்த ஆள் கிளம்பாமல் காத்திருந்த நேரத்தைச் சொன்னது. அவசரமும் உச்சம், காத்திருப்பும் உச்சம் என்று ஒரே ஒரு ஜீவன்.

"யார் மேடம் இந்தப் புண்ணியவதி?" என்றார் எம்.டி.

ஆய்வில் வந்தவர்களின் அடையாளத்தைச் சொல்வதில்லை என்று பேராசிரியை அடக்கமாகப் பதில் சொன்னாள். அடக்கத்துக்கு உள்ளே பெருமை குறுகுறுத்தது. பொருளாதாரத் துறையில் இப்படி ஒரு புள்ளி கிடைக்காதா என்று ஏங்கிச் செத்தவர்கள் உண்டு.

எம்.டி. நடத்துவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம். ஆள் என்றால் பெண்கள். எல்லோருக்கும் பொதுப்பெயர் சிஸ்டர். பகல் சிஸ்டர் போக, இரவு சிஸ்டர் வர வேண்டும். வருகிறவர் தாமதித்தால் இருப்பவர் நோயாளியை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. அந்த நேரத்துக்கு நிறுவனம் காத்திருப்புப் படி என்று ஒன்று தந்துவந்தது. அது தண்டச்செலவோ என்று எம்.டி.க்கு வெகுநாளாக ஒரு நமைச்சல். படியை நிறுத்தினால் கிளம்பிப் போய்விடுவார்களா, மாட்டார்களா? இதுதான் கேள்வி. இதற்குத்தான் பேராசிரியை.

அவள் பெயர் பெற்றதே இதில்தான். மனிதன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று எழுதும் சமன்பாட்டில் லாபமும் நஷ்டமும் மட்டும் இருந்த இடத்தில், மனசாட்சிக்கு என்று ஓர் எழுத்தைச் சேர்த்தவள். இதற்கு முன் சிலர், ஒழுக்கம் என்பது சுவர், சில காரியங்களை மனிதன் யோசித்துப் பார்ப்பதே இல்லை என்று சொல்லிவந்தார்கள். அவள் ஒரே கட்டுரையில் அவர்கள் வாயை அடைத்தாள். சுவர் என்று தனியாக ஒன்றும் கிடையாது, அது மிகக் கனமான எடை, அவ்வளவுதான். எடை என்றால் நிறுக்கலாம். நிறுத்தால் எண் வரும். உள்ளே என்ன காரணம் ஓடினாலும் நமக்குக் கவலையில்லை, வெளியே தெரியும் தேர்வு ஒன்றே போதும் என்று அந்தக் கட்டுரையை முடித்திருந்தாள். கடைசி வாக்கியத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சையில் மனப்பாடமாக எழுதுவார்கள்.

ஆனால் சிஸ்டர்களிடம் கேள்வித்தாளை நீட்டியபோது ஒரு சிக்கல். படி கிடையாது, மாற்று ஆளும் வரவில்லை, எவ்வளவு நேரத்தில் கிளம்புவீர்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பேர் பதிலே எழுதவில்லை. சிலர் கேள்வியையே அடித்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி, 'இதெல்லாம் ஒரு கேள்வியா' என்று எழுதி எழுந்து போயிருந்தாள். எழுதாதவர்களைக் கிளம்பாதவர்கள் என்று கணக்கில் சேர்த்தாள் பேராசிரியை. எம்.டி. உதட்டைப் பிதுக்கினார். பேப்பரில் எல்லோரும் உத்தமர்கள்தான், நிஜத்தில் நடந்ததைக் காட்டுங்கள் என்று கேட்டார்.

நிஜத்தில் நடந்ததற்கு எங்கே போவது? எந்த வீட்டில் போய் ஒரு மாற்று ஆளை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது?

ஒரு வீடு இருந்தது. அவளுடைய சொந்த வீடு.

பக்கவாதத்தில் படுத்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள இதே நிறுவனத்தின் சிஸ்டர் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஆறு மணிவரை சிஸ்டர். ஆறுக்குப் பிறகு மகள். குடும்பத்தார் தாமதித்தால் படி கிடையாது என்பது நிறுவனத்தின் விதி. ஆராய்ச்சிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான வீடு. பேராசிரியை சில நாள் வேண்டுமென்றே தாமதித்தாள். எதிர்ச்சாரியில், பூட்டிக் கிடந்த மரச்சாமான் கடையின் முன்னால் காரை நிறுத்தி, மடியில் கணினியோடு உட்கார்ந்து, மூன்றாவது மாடி விளக்கைப் பார்த்தபடி இருந்தாள். டிராஃபிக் என்று போனில் ஒரு பொய். சிஸ்டர் எப்போது கதவைச் சாத்திக்கொண்டு இறங்குகிறாள் என்பதுதான் சோதனை. இறங்கவே இல்லை. முப்பது நிமிடம், ஒரு மணி நேரம், இன்னும் கொஞ்சம். எதற்கும் இறங்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் சிஸ்டரே போன் செய்தாள். வீட்டில் ஒரு வேலை இருக்கிறது, இன்றைக்கு மட்டும் ஆறு மணிக்கு வந்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். என்ன வேலை என்று பேராசிரியை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க வேண்டி வந்திருக்கும். அவசரம் அதிகமான நாள், இனி கிடைக்காத நாள் என்று மட்டும் அவள் மூளையில் ஒரு மணி அடித்தது. வந்துவிடுகிறேன் என்று சொல்லி, வந்தாள். ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து, மரச்சாமான் கடை முன்னால் உட்கார்ந்தாள். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் மாடி ஏறினாள். சிஸ்டர் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

வலது கோடியில், உச்சியில் நின்ற புள்ளி அதுதான்.

எம்.டி. மேஜையில் விரலால் தாளம் போட்டார்.

"நீங்க சொல்லலைன்னா என்ன மேடம். வீட்டு அவதானிப்புன்னு ஸ்லைடுலயே போட்டிருக்கீங்க. உங்க வீட்டுக்கு நாங்க அனுப்பியிருக்கறது ஒரே ஒரு சிஸ்டர்தானே?"

பேராசிரியை அவசரமாக ஸ்லைடை மாற்றினாள். மனிதர் அதைக் கவனிக்கவில்லை. கடகடவென்று திட்டம் போட்டுக்கொண்டே போனார். நாளை மறுநாள், சனிக்கிழமை, எல்லா சிஸ்டர்களும் கூடும் வருடாந்திரக் கூட்டம். அந்த சிஸ்டரை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம், ஒரு புகைப்படம், ஒரு கைத்தட்டல். கைத்தட்டல் அடங்குவதற்குள் படி நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு. இந்த அம்மா படியே இல்லாமல் காத்திருக்கவில்லையா, உங்களால் ஏன் முடியாது என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

கூட இருந்த மேலாளர்கள் தலையாட்டினார்கள். பேராசிரியையும் தலையாட்டினாள். அவள் தலை அவளைக் கேட்காமலே ஆடியது.

காருக்கு வந்ததும் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் பல் டாக்டர். ஒரே வீட்டில் இரண்டு டாக்டர்கள், காய்ச்சலுக்கு மாத்திரை எழுத ஆளில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்யும் ஜோடி. மரச்சாமான் கடை விவகாரத்தை அவனிடம்கூட அவள் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். எதிர்முனையில் யாரோ வாயைத் திறந்தபடி 'ஆ' என்று முனகும் சத்தம்.

"நாங்க பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஒரு ஊசியாவது போடுவோம்," என்றான். "நீ அதுகூடப் போடலையே."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குக் காது மடல் சுட்டது. சனிக்கிழமை அந்த மேடையில், சக சிஸ்டர்கள் அத்தனை பேருடைய வயிற்றெரிச்சலுக்கும் நடுவில், என்ன ஏது என்று தெரியாமல் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நிற்பாள். அதற்குள் அவளைத் தடுத்தாக வேண்டும். ஆனால் தடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்வதை விட அந்தக் காரோடு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று ஆறு மணிக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தாள்.

ஜன்னலோரம் அப்பாவின் கட்டில். அப்பா ஒரு காலத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவனை நடுங்கவைத்த குரல். பக்கவாதம் அந்தக் குரலில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவைத்திருந்தது. 'சரி.' பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் 'சரி'தான். எந்தச் 'சரி' எது என்று சிஸ்டருக்கு அத்துப்படி.

சிஸ்டரின் முகம் பளிச்சென்று இருந்தது.

"அப்பா இன்னைக்கு என்கூட ஒரே சண்டைக்கா. நாலு தடவை சரின்னுட்டாரு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சுக்கா. கேடயமாம். நீங்கதான் எடுத்துச் சொன்னீங்களாமே."

பேராசிரியை கைப்பையை மேஜையில் வைத்தாள். அது சரிந்து கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். அதைப் பற்றித்தான் பேச வேண்டும் சிஸ்டர் என்று ஆரம்பித்தாள்.

"நான் காத்திட்டிருந்ததை மட்டும்தானேக்கா சொன்னீங்க?" சிஸ்டர் இடைமறித்தாள். "நீங்க கீழ வண்டியில உக்காந்து அழுததைச் சொல்லலைதானே? நானும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீங்க அதை நினைச்சுக் கவலைப்படாதீங்க."

முதல் நாளே பார்த்துவிட்டாளாம். சாயங்காலம் ஆனால் அப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது வழக்கம். அப்படித் திருப்பும்போது கீழே கார் தெரிந்ததாம். கையை ஆட்டப் போனவள், உள்ளே தலை குனிந்திருப்பதையும், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பதையும் பார்த்து, ஆட்டாமல் விட்டுவிட்டாளாம். அடுத்த நிமிடமே, டிராஃபிக் என்று போன் வந்ததாம். சிஸ்டருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"எங்கம்மா படுத்துக் கிடந்தப்போ நானும் இப்படித்தாங்க்கா. வேலை முடிஞ்சு வந்து தெருமுனையிலயே நிப்பேன். உள்ள போக கால் வராது. அதான் நீங்க டிராஃபிக்னு சொன்னப்பல்லாம், மெதுவா வாங்கக்கான்னு சொன்னேன். ஒரு பொண்ணு நிம்மதியா அழுதுட்டு வரட்டுமேன்னுதான்."

புதன்கிழமை பற்றிப் பேராசிரியை கேட்கவில்லை. சிஸ்டரே சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட நாள். கட்டட வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். விமான நிலையத்துக்குச் சாயங்காலம் பஸ். வழியனுப்பிவிடலாம் என்றுதான் ஆறு மணிக்கு வரச் சொன்னாளாம். கீழே பார்த்தால் கார் வந்துவிட்டது, ஆனால் ஆள் இறங்கவில்லை. என்றைக்கும் இல்லாத அளவுக்கு அன்றைக்கு உட்கார்ந்திருந்தீர்கள், ரொம்ப முடியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன் என்றாள். அவர் பஸ் ஏறிவிட்டார், போனில் பேசிக்கொண்டோம், அதனால் என்ன என்று அவளே ஆறுதலும் சொன்னாள்.

பேராசிரியை வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நான் அழவில்லை சிஸ்டர், அளந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

வாக்கியம் வரவில்லை. கண்ணீர் வந்தது. சிஸ்டர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். அழுங்கக்கா என்றாள். பேராசிரியை அழுதாள். அழுகை நிஜம். அதற்கு எதிரில் நின்றவள் வைத்த பெயர்தான் பொய். அந்தப் பெயரை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, சிஸ்டர் நீட்டிய துண்டில் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக எம்.டி.யின் அறைக்குப் போனாள். இரவெல்லாம் உருண்டு உருண்டு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சிஸ்டருக்குத் தெரியவே வேண்டாம். புள்ளியைத் திரும்பப் பெற்றுவிட்டால் போதும். புள்ளி இல்லையென்றால் கேடயம் இல்லை, கேடயம் இல்லையென்றால் மேடை இல்லை.

அந்தப் புள்ளி செல்லாது என்றாள். ஏன் என்றார் எம்.டி. தாமதம் தற்செயல் இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று ஒப்புக்கொண்டாள். மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பெரிய ஆள் மேடம் நீங்கள் என்றார். அந்தப் பாராட்டு கம்பளிப்பூச்சி மாதிரி அவள் மேல் ஊர்ந்தது.

அடுத்ததையும் சொன்னாள். அந்த சிஸ்டர் கடமைக்காகக் காத்திருக்கவில்லை. கீழே இருந்த என்னைப் பார்த்து இரக்கப்பட்டுக் காத்திருந்தாள். நான் எதை அளந்தேனோ அது அங்கே இல்லவே இல்லை. அளந்தது வேறு எதையோ.

எம்.டி. பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. வந்தவளுக்கு டீ வரவழைத்தார். பிறகு அவளுடைய கட்டுரையின் கடைசி வாக்கியத்தை அவளுக்கே எடுத்துச் சொன்னார். உள்ளே என்ன காரணம் ஓடினாலும் கவலையில்லை, தேர்வு ஒன்றே போதும். இரக்கமோ கடமையோ, அந்தப் பெண் கிளம்பவில்லை. அவருக்குத் தேவையானது அவ்வளவுதான்.

"அது எடை இல்லை சார்," என்றாள் பேராசிரியை. தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. "நான் தப்பா எழுதிட்டேன். சுவர்தான் சரி. அவங்க போறதா வேண்டாமான்னு யோசிக்கவே இல்லை. கேள்வித்தாள்ல பதில் எழுதாம போனாங்களே, அதுதான் பதில்."

"சுவரா இருந்தா இன்னும் நல்லதாப் போச்சு மேடம்," என்றார் எம்.டி. "சுவருக்கு யாராவது படி குடுப்பாங்களா?"

அறிக்கையை ஏற்கெனவே ஒப்படைத்தாகிவிட்டது, அதில் அவள் கையெழுத்து இருக்கிறது. ஒரு புள்ளியை எடுத்தாலும் அறிக்கையின் முடிவு மாறாது என்பதையும் அவளேதான் நேற்று பெருமையாக விளக்கியிருந்தாள். டீயைக் குடிக்காமல் எழுந்தாள். சனிக்கிழமை நீங்களும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று வாசல்வரை வந்து அழைத்தார் எம்.டி.

சிஸ்டருக்குத் தெரியாமல் சிஸ்டரைக் காப்பாற்றும் வழி அங்கேயே அடைபட்டது.

மதியம் ஒரு வகுப்பு இருந்தது. பாதியில் முடித்துவிட்டாள். மேடமுக்கு உடம்பு சரியில்லையோ என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். நாலு மணிக்கு வீட்டு வாசலில் நின்றாள். மரச்சாமான் கடைப் பக்கம் திரும்பாமல், நேராக மாடி ஏறினாள்.

இவ்வளவு சீக்கிரம் அவளைக் கண்டதும் சிஸ்டர் பதறி, உடம்புக்கு என்னக்கா என்றாள். அப்பாவுக்கு அப்போதுதான் மசித்த பழத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியை உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நின்றபடியே சொன்னாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மடியில் இருந்தது கணினி என்று. வண்டிக்குள் புழுக்கத்தில் கண்ணாடி பனித்துப்போனதால் துடைத்தேன் என்று. டிராஃபிக் ஒருநாளும் இருந்ததில்லை என்று. நீங்கள் எவ்வளவு நேரத்தில் அப்பாவை விட்டுவிட்டுப் போவீர்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று. நாளைக்குக் கேடயம் எதற்கு, அதற்குப் பின்னால் வரும் அறிவிப்பு என்ன, அதைக் கேட்ட பிறகு மற்ற சிஸ்டர்கள் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று. நேற்று நீங்கள் ஆறுதல் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு அழுதேனே, அதுவும் ஏமாற்றுத்தான் என்று.

சொல்லும்போது சிஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிண்ணத்தில் ஸ்பூன் நின்றிருந்தது. அப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு மெல்ல மூடினார்.

"புதன்கிழமையும் அதுக்குத்தானா?" என்றாள் சிஸ்டர்.

"ஆமா."

"நான் ஆறு மணிக்கு வரச் சொல்லிக் கேட்டேனே. அதுக்கு அப்புறமுமா?"

இல்லை, கேட்டதால்தான். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். இவ்வளவு சொன்ன பிறகு இந்த ஒன்றை விழுங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேராசிரியை அதையும் சொன்னாள்.

"நீங்க கேட்டதாலதான் சிஸ்டர். அவசரம் இருக்கற நாளா வேணும்னு இருந்துச்சு எனக்கு."

சிஸ்டர் ஸ்பூனை எடுத்து, அப்பாவின் உதட்டோரம் வழிந்ததை வழித்தாள். இன்னொரு வாய் ஊட்டினாள். அப்பா விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு அடுத்த வாய். கிண்ணம் காலியாகும்வரை அப்படியே ஊட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பேராசிரியை பிழைத்திருப்பாள்.

அப்போது சிஸ்டரின் போன் அடித்தது. அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுத்தாள். எதிர்முனையில் எம்.டி.யே பேசினார். அவருடைய உற்சாகக் குரல் சின்னக் கருவியைத் தாண்டி வழிந்தது. நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும், சீருடையில் வருவதா வேறு உடையிலா, மேடையில் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். எத்தனை பெரிய காத்திருப்பு, அதைப் பற்றி உன் வாயாலேயே சொல்லும்மா என்றார்.

சிஸ்டர் கடைசிவரை கேட்டாள்.

"நான் காத்திருக்கவே இல்லைங்க சார்," என்றாள். "அவங்க தினம் சரியான நேரத்துக்கு வந்துட்டாங்க. கீழதான் இருந்தாங்க. மேடையில கேட்டீங்கன்னா இதைத்தான் சொல்லுவேன். எனக்கு வேற சொல்லத் தெரியாது."

எதிர்முனையில் சத்தம் இறங்கிவிட்டது. ஏதோ சொன்னார். சரிங்க சார் என்றாள் சிஸ்டர். கேடயம் இப்போதைக்கு வேண்டாம் என்பதுபோல் இன்னும் ஏதோ சொன்னார். அதற்கும் சரிங்க சார். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வந்தாள். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். பேராசிரியை கை கொடுக்கப் போனாள். வேண்டாம் மேடம், எனக்குப் பழக்கம் என்றாள் சிஸ்டர்.

மேடம்.

நீங்கள் இப்போதே கிளம்பலாம், நான் இருக்கிறேன் என்று பேராசிரியை சொல்லிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன், இதையாவது, என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். இரண்டு மணி நேர லீவைக் கொண்டு எந்த பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வருவது?

"ஆறு மணி வரைக்கும் என் டூட்டிங்க," என்றாள் சிஸ்டர்.

அந்த இரண்டு மணி நேரம் பேராசிரியையின் வாழ்க்கையில் மறக்க முடியாதது. ஓர் அறை, ஒரு கட்டில், இரண்டு பெண்கள். ஒருத்தி வேலை செய்துகொண்டிருந்தாள். படுக்கை விரிப்பை மாற்றினாள். அப்பாவின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தாள். நகம் வெட்டினாள். எப்போதும் அப்பாவோடு வளவளவென்று பேசுகிறவள் அன்றைக்குத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொருத்தி சொந்த வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். சமையலறைக்குப் போய் டீ போட்டாள். இரண்டு கோப்பையில் ஊற்றினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். தேங்க்ஸ் மேடம் என்று பதில் வந்தது. டீயின் மேல் ஆடை படிந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு தடவை அப்பாவின் கண்ணைச் சந்தித்தாள். அவர் அத்தனையையும் கேட்டிருந்தார். அந்த ஒரே வார்த்தையையாவது சொல்லமாட்டாரா என்று அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை. இமை துடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மணி. சிஸ்டர் சீருடையை மாற்றிக்கொண்டு வந்தாள். எட்டு மணி மாத்திரையைப் பொடித்து வைத்திருப்பதையும், மதியம் அப்பாவுக்கு லேசாக இருமல் இருந்ததையும் சொன்னாள். தலைப்பக்கம் கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருங்கள் என்றாள். தினமும் சொல்வதுதான். வார்த்தைகள் எல்லாம் ஒழுங்காக, ஒன்றுகூடக் குறையாமல் வந்தன.

"நாளைக்கு வருவீங்களா சிஸ்டர்?"

"டூட்டி போட்டிருந்தா வருவேன் மேடம்."

போடுவார்களா? எம்.டி.க்கு இனி இவளைப் பிடிக்குமா? படியை நிறுத்தும் அறிவிப்பு நாளை வராவிட்டாலும் அடுத்த மாதம் வேறு ஏதாவது மேடையில் வராமலா போகும்? பேராசிரியைக்கு எதுவும் தெரியவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை, இத்தனை பேச்சில் அதை மட்டும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஓடினாள். கதவைத் திறந்தாள். நடைவழியின் கோடியில் சிஸ்டர் லிஃப்டுக்காக நின்றிருந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள் என்று தோன்றியது. பக்கத்தில் போய் நின்று, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லிஃப்டில் கூடவே இறங்கி, தெருவில் நடந்து, பஸ் நிறுத்தம்வரை போய்ச் சொல்ல வேண்டும்.

உள்ளே அப்பா இருமினார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை, கொஞ்சம் கரகரப்போடு.

லிஃப்டின் கதவு திறந்தது. பேராசிரியையின் ஒரு கால் வாசல்படிக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். திரும்பிக் கட்டிலுக்கு ஓடி, அப்பாவின் தலையை உயர்த்தி, முதுகைத் தடவிக்கொடுத்தாள். லிஃப்ட் இறங்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது, கீழே போய் நிற்கும்வரை.